'ஹேவ்' எங்கே, 'ஹேட்' எங்கே?

சாவி தொலைந்துபோனதை ஆங்கிலத்தில் மூன்று விதமாகச் சொல்லலாம். 'ஐ லாஸ்ட் மை கீ' என்பது சிம்பிள் பாஸ்ட். 'ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ' என்பது பிரசென்ட் பெர்ஃபெக்ட். 'ஐ ஹேட் லாஸ்ட் மை கீ' என்பது பாஸ்ட் பெர்ஃபெக்ட். மூன்றிலும் தொலைந்தது ஒரே சாவிதான். முதல் வாக்கியம் தொலைந்த செய்தியை மட்டும் சொல்கிறது. சாவி பிறகு கிடைத்ததா என்பது அதில் தெரியாது. இரண்டாவது வாக்கியம், சாவி இன்னும் கிடைக்கவில்லை, இப்போது கதவைத் திறக்க வழியில்லை என்பதையும் சேர்த்து உணர்த்துகிறது. மூன்றாவதைத் தனியாகச் சொன்னால், கேட்பவர் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருப்பார். எதற்கு முன்பு தொலைந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும். 'வென் ஐ ரீச்ட் ஹோம், ஐ ரியலைஸ்ட் ஐ ஹேட் லாஸ்ட் மை கீ' என்றால் கணக்கு நேராகிறது. வீட்டுக்கு வந்து சேர்ந்தது கடந்த காலம். சாவி தொலைந்தது அதற்கும் முந்தியது.

இந்த வேறுபாட்டுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே பலர் மனத்தில் ஒரு தவறான வாய்பாடு பதிந்திருக்கிறது. செயல் இப்போதுதான் முடிந்தது என்றால் 'ஹேவ்', முடிந்து வெகுகாலம் ஆகிவிட்டது என்றால் 'ஹேட்' என்பது அந்த வாய்பாடு. காலத்தின் தூரத்துக்கும் இந்தத் தேர்வுக்கும் தொடர்பே கிடையாது. டைனோசர்கள் அழிந்து ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதை ஆங்கிலத்தில் 'டைனோசர்ஸ் டைட் அவுட்' என்று சிம்பிள் பாஸ்டில்தான் சொல்கிறார்கள். 'ஹேட்' அங்கே வராது. பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். அது இன்றும் இருப்பதால் 'தி யுனிவர்ஸ் ஹேஸ் எக்ஸிஸ்டட்' என்று பிரசென்ட் பெர்ஃபெக்ட் வருகிறது. மாறாக, ஐந்து நிமிடத்துக்கு முன்பு பேருந்தைத் தவறவிட்டவர் 'வென் ஐ காட் டு தி ஸ்டாப், தி பஸ் ஹேட் லெஃப்ட்' என்கிறார். ஐந்தே நிமிடம்தான், ஆனாலும் 'ஹேட்'.

அப்படியானால் எதைக் கொண்டு முடிவு செய்வது? ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த ஹான்ஸ் ரைக்கன்பாக் என்ற தத்துவவாதி, 1947இல் வெளிவந்த 'எலிமென்ட்ஸ் ஆஃப் சிம்பாலிக் லாஜிக்' என்ற நூலில் இதற்கு ஒரு தெளிவான விளக்கம் தந்தார். ஒரு வாக்கியத்தின் காலத்தைப் புரிந்துகொள்ள இரண்டு நேரங்கள் போதாது, மூன்று வேண்டும் என்றார். செயல் நிகழ்ந்த நேரம் ஒன்று, பேசும் நேரம் இன்னொன்று. இவற்றோடு, எந்த இடத்தில் நின்று அந்தச் செயலைப் பார்க்கிறோம் என்ற நோக்கு நேரமும் உண்டு. சிம்பிள் பாஸ்டில் நோக்கு நேரமும் நிகழ்ந்த நேரமும் ஒன்று. இரண்டும் கடந்த காலத்தில் இருக்கின்றன. பிரசென்ட் பெர்ஃபெக்டில் நிகழ்ந்தது முன்பு, நோக்குவது இப்போது. பாஸ்ட் பெர்ஃபெக்டில் நோக்கு நேரமே கடந்த காலத்தில் இருக்கிறது. செயல் அதற்கும் முன்னால் நடந்திருக்கிறது. டென்மார்க் நாட்டு இலக்கண அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் 1924லேயே பாஸ்ட் பெர்ஃபெக்டை 'இறந்தகாலத்துக்கு முந்திய காலம்' என்ற பொருளில் குறித்திருந்தார். எந்தச் சந்தேகம் வந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி, பேசுகிறவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பதுதான். இன்றில் நின்று பார்த்தால் 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்'. கடந்த காலத்தின் ஒரு புள்ளியில் நின்று இன்னும் பின்னோக்கிப் பார்த்தால் 'ஹேட்'.

இந்த அமைப்பின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் விதி மனப்பாடமாக இல்லாமல் காரணத்தோடு விளங்கும். பழைய ஆங்கிலத்தில் 'ஹேவ்' என்பது உடைமையைச் சொல்லும் வினை. கடிதம் எழுதப்பட்ட நிலையில் என்னிடம் இருக்கிறது என்ற பொருளில் தொடங்கிய அமைப்பு, நாளடைவில் நான் கடிதம் எழுதியிருக்கிறேன் என்ற பொருளுக்கு வந்தது. ஆகவே, வாக்கியத்தின் உண்மையான காலத்தைத் தாங்குவது 'ஹேவ்' என்ற சொல், அது நிகழ்காலம். 'ஹேட்' இறந்தகாலம். பின்னால் வரும் வினையின் மூன்றாம் வடிவம், 'செயல் முடிந்தது' என்பதை மட்டுமே சொல்கிறது.

'ஹேவ்' நிகழ்காலச் சொல் என்பதால்தான், முடிந்துபோன நேரத்தைக் குறிக்கும் சொற்கள் அதனோடு சேர்வதில்லை. 'யெஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்', 'இன் 1998', 'டூ டேஸ் அகோ' ஆகிய எதுவும் பிரசென்ட் பெர்ஃபெக்டுக்குப் பக்கத்தில் வராது. 'ஐ ஹேவ் மெட் ஹிம் யெஸ்டர்டே' தவறு. 'ஐ மெட் ஹிம் யெஸ்டர்டே' என்பதே சரி. இந்தத் தடை பாஸ்ட் பெர்ஃபெக்டுக்கு இல்லை. 'ஹி ஹேட் லெஃப்ட் அட் சிக்ஸ்' என்று தாராளமாகச் சொல்லலாம். அதற்கு இரண்டு பொருளும் உண்டு: ஆறு மணிக்குக் கிளம்பினார் என்றும் கொள்ளலாம், ஆறு மணிக்குப் பார்த்தபோது ஏற்கெனவே கிளம்பியிருந்தார் என்றும் கொள்ளலாம்.

பிரசென்ட் பெர்ஃபெக்டின் நுட்பம், நேரம் இன்னும் முடியவில்லை என்பதை அது சொல்லாமல் சொல்லிவிடுவதில் இருக்கிறது. சென்னைப் புத்தகக் காட்சி நடந்துகொண்டிருக்கும்போது நண்பரிடம் 'ஹேவ் யு விசிட்டட் தி புக் ஃபேர்?' என்று கேட்கலாம். இன்னும் போகாவிட்டால் நாளைக்குப் போகலாமே என்ற வாய்ப்பு அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. காட்சி முடிந்து அரங்குகளைப் பிரித்த பிறகு அதே கேள்வி 'டிட் யு விசிட் தி புக் ஃபேர்?' என்று மாறிவிடும். காலை பத்து மணிக்கு 'ஹேவ் யு ரெட் தி பேப்பர் திஸ் மார்னிங்?' என்று கேட்பவர், மாலை நான்கு மணிக்கு 'டிட் யு ரீட்' என்றுதான் கேட்பார், ஏனென்றால் காலைப்பொழுது போய்விட்டது. ஆட்களுக்கும் இது பொருந்தும். ஐன்ஸ்டைன் 1955இல் காலமானார். அவரைப் பற்றிப் பேசும்போது 'ஐன்ஸ்டைன் ஹேஸ் லிவ்ட் இன் பிரின்ஸ்டன்' என்றால் ஆங்கிலேயர் காதுக்கு இடறும், ஏனென்றால் அது உயிரோடு இருப்பவரின் அனுபவத்தைச் சொல்லும் நடை. ஆனால் 'ஐன்ஸ்டைன் ஹேஸ் இன்ஃப்ளுயன்ஸ்ட் மெனி சயன்டிஸ்ட்ஸ்' என்பதில் குறையில்லை, அவருடைய தாக்கம் இன்றும் நிற்கிறது அல்லவா?

சுடச்சுடச் செய்தி சொல்வதற்கும் இதே வடிவம்தான். அமெரிக்க மொழியியலாளர் ஜேம்ஸ் மெக்காலே 1971இல் பிரசென்ட் பெர்ஃபெக்டின் பயன்களை வகைப்படுத்தியபோது இதைத் தனி வகையாகவே வைத்து, 'ஹாட் நியூஸ்' என்று பெயரிட்டார். ஆங்கிலச் செய்தி அறிக்கைகளை உன்னிப்பாகக் கேட்டால் ஓர் ஒழுங்கு தெரியும். முதல் வாக்கியம் 'தி மினிஸ்டர் ஹேஸ் ரிசைன்ட்' என்று வரும். அமைச்சர் இப்போது பதவியில் இல்லை என்பதுதான் செய்தி. அடுத்த வாக்கியத்திலிருந்து எத்தனை மணிக்குக் கடிதம் கொடுத்தார், யாரிடம் கொடுத்தார் என்ற விவரங்கள் எல்லாம் சிம்பிள் பாஸ்டில் வரும். விதிகளை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு வாரம் இப்படிச் செய்தி கேட்பது அதிகம் பலன் தரும்.

பாஸ்ட் பெர்ஃபெக்டைப் பொறுத்தவரை, அதைத் தேவையில்லாத இடத்தில் போடுவதுதான் பெரும்பாலும் நிகழும் பிழை. கடந்த காலச் சம்பவங்கள் நடந்த வரிசையிலேயே சொல்லப்பட்டால் 'ஹேட்' வேண்டியதில்லை. எழுந்தார், குளித்தார், சாப்பிட்டார், கிளம்பினார் என்ற கதையில் ஒவ்வொரு செயலும் அடுத்ததற்கு முந்தியதுதான். ஆனாலும் எல்லாமே சிம்பிள் பாஸ்ட். வரிசை குலையும்போதுதான், அதாவது பின்னால் நடந்ததை முதலில் சொல்லிவிட்டு முன்னால் நடந்ததற்குத் திரும்பும்போதுதான், 'ஹேட்' அவசியமாகிறது. 'ஆஃப்டர்', 'பிஃபோர்' என்ற சொற்கள் வரிசையைத் தாமே காட்டிவிடுவதால், அவை உள்ள வாக்கியத்தில் 'ஹேட்' போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. ஆனால் 'வென்' வரும் இடத்தில் கவனம் வேண்டும். 'வென் தி டாக்டர் கேம், தி பேஷன்ட் டைட்' என்றால் மருத்துவர் வந்ததும் நோயாளி இறந்தார் என்றாகிவிடும். 'தி பேஷன்ட் ஹேட் டைட்' என்றால், அவர் வருவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது என்று பொருள். மருத்துவர் மேல் பழி விழுவதும் விழாததும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. கதை எழுதுகிறவர்கள் பழைய நினைவுக்குள் நுழையும்போது முதல் ஓரிரு வாக்கியங்களில் 'ஹேட்' போட்டு வாசகரை அந்தக் காலத்துக்கு அழைத்துப்போய்விட்டு, பிறகு சிம்பிள் பாஸ்டிலேயே தொடர்வார்கள். பக்கம் முழுக்க 'ஹேட்' வந்தால் படிக்கவே அலுத்துவிடும்.

தமிழ் பேசுவோர் இங்கே இடறுவதற்குக் காரணம் கவனக்குறைவு அல்ல. தமிழிலும் ஏறத்தாழ இதே அமைப்பு இருக்கிறது. அது முழுதும் ஒத்துப்போகாமல் பாதியில் விலகுகிறது. ஆங்கிலம் 'ஹேவ்' என்ற உடைமை வினையைத் துணைக்கு வைத்துக்கொண்டது போல, தமிழ் 'இரு' என்ற வினையை வைத்துக்கொண்டது. எழுதியிருக்கிறேன், எழுதியிருந்தேன், எழுதியிருப்பேன் என்று மூன்று காலத்திலும் அது நடக்கிறது. எனவே, இருக்கிறேன் என்றால் 'ஹேவ்', இருந்தேன் என்றால் 'ஹேட்' என்று மாணவர்கள் பொருத்திக்கொள்கிறார்கள். பல இடங்களில் அது சரியாகவும் அமைகிறது. சரியாக அமையாத இடங்களில்தான் பிழை ஒளிந்திருக்கிறது.

'நேற்று உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன், நீங்கள் இல்லை' என்பது பழுதற்ற தமிழ். வந்தேன், ஆனால் வந்த காரியம் நடக்காமல் திரும்பிவிட்டேன் என்ற நிழல் அந்த 'இருந்தேன்' என்பதில் இருக்கிறது. 'அன்றைக்கே சொல்லியிருந்தேனே' என்பதில் நினைவூட்டலும் லேசான குறையும் இருக்கின்றன. இவற்றை அப்படியே 'ஐ ஹேட் கம் டு யுவர் ஹவுஸ் யெஸ்டர்டே', 'ஐ ஹேட் டோல்ட் யு' என்று மாற்றினால், கேட்கிற ஆங்கிலேயர் அடுத்து என்ன நடந்தது என்று எதிர்பார்ப்பார். 'ஐ கேம்', 'ஐ டோல்ட் யு' என்பவையே போதும். இந்தியிலும் 'ஆயா தா' போன்ற வடிவம் இதே வேலையைச் செய்வதால், நாடு முழுவதும் பேசப்படும் ஆங்கிலத்தில் தேவையற்ற 'ஹேட்' பரவிக் கிடக்கிறது. அலுவலக மின்னஞ்சல்களைப் பார்த்தால் தெரியும்: 'ஐ ஹேட் சென்ட் யு எ மெயில் லாஸ்ட் வீக்' என்று தொடங்காதவை குறைவு.

'இருக்கிறது' என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. காலையில் கதவைத் திறந்தவர் நனைந்த தெருவைப் பார்த்து, 'ராத்திரி மழை பெய்திருக்கிறது' என்கிறார். மழை பெய்ததை அவர் பார்க்கவில்லை. தடயத்தைப் பார்த்து ஊகிக்கிறார். தமிழில் இந்த வடிவத்துக்கு ஊகம் சொல்லும் வேலையும் உண்டு, அதோடு 'ராத்திரி' என்ற நேரச்சொல்லும் இயல்பாகச் சேர்கிறது. ஆங்கிலத்தில் 'இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்' என்று சொல்ல முடியாது. ஊகத்தைச் சொல்ல 'இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்' என்று வேறு வழிக்குப் போக வேண்டும்.

போதாததற்கு, 'அவர் டெல்லி போயிருக்கிறார்' என்ற ஒரே தமிழ் வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியங்கள். இப்போது ஊரில் இல்லை என்றால் 'ஹி ஹேஸ் கான் டு டெல்லி'. முன்பு எப்போதோ போய் வந்த அனுபவம் உண்டு என்றால் 'ஹி ஹேஸ் பீன் டு டெல்லி'. நேரில் நின்றுகொண்டே 'ஐ ஹேவ் கான் டு டெல்லி ட்வைஸ்' என்று சொல்பவர், 'பீன்' போட வேண்டிய இடத்தில் 'கான்' போட்டுவிட்டார். எதிர்த்திசையிலும் கவனம் வேண்டும். விருந்தாளியிடம் கேட்கும் 'சாப்பிட்டீங்களா?' என்பது தமிழில் சாதாரண இறந்தகாலம். ஆங்கிலத்தில் அது 'ஹேவ் யு ஈட்டன்?' என்று பிரசென்ட் பெர்ஃபெக்டாக வரும். 'சாப்பிட்டாச்சு', 'சாப்பிட்டுவிட்டேன்' என்ற பதில்களுக்கும் அதுவே.

ஒரு செயல் தொடங்கி இன்னும் தொடரும்போது தமிழ் நிகழ்காலத்தையே பயன்படுத்துகிறது. 'பத்து வருடமாக இங்கே இருக்கிறேன்' என்பதை 'ஐ ஆம் லிவிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்று மாற்றுவது மிகப் பரவலான பிழை. 'ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்பதே சரி. இதைக் கடந்த காலத்தின் ஒரு புள்ளிக்கு நகர்த்தினால், 'வென் ஐ மெட் ஹிம் இன் 2015, ஹி ஹேட் லிவ்ட் தேர் ஃபார் டென் இயர்ஸ்' என்று 'ஹேவ்' இருந்த இடத்தில் 'ஹேட்' வந்து உட்கார்ந்துவிடும். 'திஸ் இஸ் தி ஃபர்ஸ்ட் டைம் ஐ ஹேவ் சீன் இட்', 'தட் வாஸ் தி ஃபர்ஸ்ட் டைம் ஐ ஹேட் சீன் இட்' என்ற ஜோடியும் அப்படியே. 'இஸ்' வந்தால் 'ஹேவ்', 'வாஸ்' வந்தால் 'ஹேட்'.

பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது இரண்டு வழிகளும் ஒன்றாகிவிடுகின்றன. 'ஐ ஹேவ் ஃபினிஷ்ட்' என்று ஒருவர் சொன்னாலும், 'ஐ ஃபினிஷ்ட்' என்று சொன்னாலும், மறுநாள் அதைத் திருப்பிச் சொல்பவர் 'ஷி செட் ஷி ஹேட் ஃபினிஷ்ட்' என்கிறார். தமிழில் 'முடித்துவிட்டேன் என்று சொன்னாள்' என்று 'என்று' போட்டு அவள் சொன்ன சொல்லையே வைத்துவிடலாம், காலத்தைப் பின்னுக்குத் தள்ள வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் 'ஹேட்' போட மறந்துபோவதற்கு இந்தப் பழக்கமே காரணம்.

நடக்காமல் போனதைச் சொல்லும் 'இஃப்' வாக்கியங்களில் மட்டும் தமிழும் ஆங்கிலமும் கைகோத்து நடக்கின்றன. 'படித்திருந்தால் தேறியிருப்பேன்' என்பது 'இஃப் ஐ ஹேட் ஸ்டடீட், ஐ வுட் ஹேவ் பாஸ்ட்' ஆகிறது. 'இருந்தால்' என்ற இடத்தில் 'ஹேட்', 'இருப்பேன்' என்ற இடத்தில் 'வுட் ஹேவ்'. இந்தப் பொருத்தத்தை நினைவில் வைத்தால், 'இஃப்' பக்கத்திலேயே 'வுட் ஹேவ்' போட்டுவிடும் பிழை வராது.

நடைமுறையில் இவை எப்படிச் சேர்ந்து வருகின்றன என்பதற்கு ஒரு விண்ணப்பக் கடிதத்தை எடுத்துக்கொள்ளலாம். 'ஐ ஹேட் அப்ளைட் ஃபார் எ ரேஷன் கார்ட் லாஸ்ட் மந்த். ஐ ஹேட் நாட் ரிசீவ்ட் இட்' என்று எழுதினால் இரண்டு வாக்கியமும் பிழை. விண்ணப்பித்த நேரம் தெளிவாகச் சொல்லப்பட்டிருப்பதால் 'ஐ அப்ளைட்' என்று சிம்பிள் பாஸ்ட் வேண்டும். அட்டை இன்றுவரை வரவில்லை என்பதுதான் புகாரே. ஆகவே 'ஐ ஹேவ் நாட் ரிசீவ்ட் இட் யெட்' என்று இருக்க வேண்டும். 'ஹேட் நாட்' என்று போட்டால், அப்போது வரவில்லை, பிறகு வந்துவிட்டது என்று அதிகாரி புரிந்துகொண்டு கடிதத்தை ஒதுக்கிவைத்தாலும் குறை சொல்ல முடியாது. இதே கடிதத்தில் 'ஹேட்' வருவதற்கு முறையான இடமும் உண்டு. 'வென் ஐ வென்ட் டு தி ஆஃபீஸ் ஆன் மண்டே, தே செட் தே ஹேட் போஸ்டட் இட் தி வீக் பிஃபோர்' என்று எழுதலாம். திங்கட்கிழமை என்ற புள்ளியில் நின்று, அதற்கு முந்திய வாரத்தைப் பார்க்கிறது அந்த வாக்கியம்.

அமெரிக்கப் படங்கள் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு சந்தேகம் எழும். அங்கே 'டிட் யு ஈட் யெட்?' என்றும் 'ஐ ஆல்ரெடி ஏட்' என்றும் சர்வசாதாரணமாகப் பேசுகிறார்கள். பிரிட்டிஷ் மரபில் இரண்டிலும் 'ஹேவ்' எதிர்பார்க்கப்படும். இரண்டும் அந்தந்த ஊரில் வழங்கும் ஆங்கிலமே. இந்திய, இலங்கைத் தேர்வுத்தாள்கள் பிரிட்டிஷ் மரபைப் பின்பற்றி வந்திருப்பதால், மாணவர்கள் 'யெட்', 'ஆல்ரெடி', 'ஜஸ்ட்' ஆகிய சொற்களோடு 'ஹேவ்' போடுவது பாதுகாப்பானது.

பேச்சில் இந்தத் துணைச்சொற்கள் பெரும்பாலும் தேய்ந்து ஒலிக்கும். 'ஐ ஹேவ்' என்பது 'ஐவ்' ஆகிறது, 'ஹி ஹேட்' என்பது 'ஹீட்' ஆகிறது. 'ஹி வுட்' என்பதும் தேய்ந்து அதே 'ஹீட்' ஆகிவிடுவதால், அடுத்து வரும் வினையின் வடிவத்தைக் கொண்டுதான் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். 'ஹீட் கான்' என்றால் உள்ளே இருப்பது 'ஹேட்', 'ஹீட் கோ' என்றால் 'வுட்'. 'கம்', 'ரன்', 'கட்', 'புட்' போன்ற வினைகளுக்கு முதல் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றே என்பதால் அந்த வழியும் உதவாது. 'ஹீட் கம்' என்று காதில் விழுந்தால், அவர் வந்திருந்தாரா அல்லது வருவாரா என்பதைச் சுற்றியுள்ள பேச்சிலிருந்துதான் எடுக்க வேண்டும்.